மதுசாவின் கலியாணத்துக்கு நாலு சில்லு

அந்த மஞ்சள் லைட்டை முதலில் கண்டது நானில்லை, றொபி. என் தங்கச்சி யூஜீனியாவின் புருஷன். அடுத்தவர் வாகனத்தில் குறை கண்டுபிடிக்க அவருக்குக் கண்ணாடி தேவையில்லை.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. அவர்களுடைய மகள் மதுசாவுக்குத்தான் கலியாணம். ஏழு வயதில் என் பழைய வானின் முன்சீற்றில் இருந்துகொண்டு, "என்ர கலியாணத்துக்குப் பெரியம்மாதான் வாகனம் ஓடோணும்" என்று சொன்ன பிள்ளை. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. முந்தல் என்ற ஊரில் இருந்து இருபது வருஷமாக ஹயர் ஓடுகிறேன். கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்க வந்த வெள்ளைக்காரரை ஏற்றியிருக்கிறேன், இறால் பண்ணைக்காரரை ஏற்றியிருக்கிறேன். கலியாண ஹயர் மட்டும் எவர் கேட்டாலும் தட்டிவிடுவேன். நான் ஏற்றுகிற முதல் கலியாணப் பொம்பிளை மதுசாவாக இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. இப்படிப்பட்ட வீம்பெல்லாம் எனக்கு நிறைய உண்டு.

அதற்காகத்தான் ஜீப்புக்குப் புது றிம்மும் புது ரயரும் பூட்ட மதுரங்குளிக்குப் பாயிஸின் கடைக்குப் போனேன்.

"அக்கா, உங்கட ரயருக்கு இன்னும் பாதி உசிர் இருக்கு. ஏன் மாத்துறீங்க?" என்றான் பாயிஸ்.

"பொம்பிளை ஏறப்போறாள் தம்பி. மினுங்கோணும்."

பழைய சில்லுகளைக் கழற்றி வைத்துவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். "இந்தச் சில்லு ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு சென்சர் இருக்கு அக்கா. காத்து எவ்வளவு இருக்கெண்டு ஜீப்புக்கு றேடியோவில சொல்ற சாமான். ரயரக் கழட்டி, அத எடுத்து, புது றிம்முக்குள்ள போடணும். வால்வுக்கும் புது றப்பர் வேணும். ஒரு மணித்தியாலம் கூடப் போகும்."

எனக்குப் பத்து மணிக்கு ஹயர். அதோடு, இருபது வருஷத்தில் எத்தனை கராஜ்காரரின் கதை கேட்டிருப்பேன்!

"தம்பி, நான் காலால உதைஞ்சு பாத்துக் காத்துச் சொல்லுற ஆள். எனக்கு றேடியோ வேண்டாம். பூட்டு."

"எச்சரிக்கை லைட் பத்தி எரியும் அக்கா."

"பத்தினாப் பத்தட்டும்."

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. பழைய சில்லு நாலையும் ரயரோடு அவனிடமே தள்ளிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் புதுச் சில்லுப் பார்க்க என்று வந்த றொபி, சில்லைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மீற்றருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு லைட்: சப்பையான ரயர் ஒன்றின் படம், நடுவில் ஆச்சரியக்குறி. அதற்குக் கீழே நாலு சில்லுக்கும் காற்று எவ்வளவு என்று காட்டுகிற இடத்தில் வெறும் கோடுகள்.

"மச்சாள், இதென்ன பத்துது?"

"அது சும்மா."

"சும்மா ஏன் பத்தோணும்? எச்சரிக்கை லைட் பத்துற வாகனத்தில என்ர பிள்ளையை ஏத்தமாட்டன். லைட் அணைஞ்சா உங்கட ஜீப். அணையாட்டி என்ர வான்."

யூஜீனியாவைப் பார்த்தேன். "அவர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கக்கா" என்றாள். கூடப்பிறந்தது கதைக்கிற கதையா இது! எனக்கு வந்த கோபத்தில் கதவை அடித்துச் சாத்தினேன்.

நேரே பாயிஸிடம் போனேன். அவன் காத்து மானியை வைத்து ஒவ்வொரு சில்லாகப் பார்த்தான். "முப்பத்திமூணு. முப்பத்திமூணு. நாலும் சரி அக்கா. காத்தில பிழையில்ல. ஜீப்புக்குத் தெரியாது, அவ்வளவுதான். அது பழைய சென்சரத் தேடுது."

"அப்ப அந்தப் பழசைக் கொண்டா. இப்பவே போடு."

"வித்துட்டேன்."

"ஆருக்கு?"

பாயிஸ் கூரையைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான். "சொல்ல வேணாம் எண்டு கேட்டுத்தான் அவரு வாங்கினாரு. அது அமானிதம், என்னை நம்பிச் சொன்னது, அக்கா. என் வாயால சொல்ல ஏலா."

நாலு பழைய சில்லுக்கு அமானிதமாம்! கொழும்பிலிருந்து புதுசு எடுப்பிக்கலாம், அதை ஜீப்புக்கு அறிமுகப்படுத்துகிற மெசினும் வர வேண்டும், ஆனால் எல்லாம் கலியாணம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும் என்றான். நான் அவனுடைய தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழும்பி வந்தேன்.

புதன்கிழமை கலியாண அழைப்புக் காட்டைப் புனித அன்னம்மாவின் பாதத்தில் வைக்கத் தலவிலக் கோயிலுக்குப் போனோம். அவர்கள் முந்தி வானில், நான் பிந்தி ஜீப்பில். றொபி வானையும் கலியாணத்துக்குத் தயார்படுத்தியிருந்தார். கழுவி, சில்லுக்கெல்லாம் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார். கோயில் வளவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். நான் பங்குச் சுவாமியைக் கூட்டிவந்து ஜீப்பை மந்திரிக்கச் சொன்னேன். அவர் நாலு பக்கமும் தீர்த்தம் தெளித்தார். நான் இரகசியமாக மீற்றர்ப் பக்கமும் கொஞ்சம் தெளிக்கச் சொன்னேன்.

வெளிக்கிட்டு, வானோடு சேர்ந்து வளவுக்குள் உருண்டு வாசலுக்கு வருவதற்குள் லைட் அணைந்துவிட்டது. கோடுகள் இருந்த இடத்தில் இலக்கங்கள்! முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பது, முப்பத்தொன்று.

"அன்னம்மாவே!" என்று நான் போட்ட சத்தத்தில் மெழுகுதிரி விற்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யூஜீனியா வானால் இறங்கி ஓடிவந்து பார்த்துவிட்டு அழுதாள். றொபியும் வந்து பார்த்தார். "ம்" என்றார். எனக்கு அன்றைக்குத் தலைகால் தெரியவில்லை.

பாலாவிச் சந்தியில் அவர்கள் சாமான் வாங்கப் புத்தளம் பக்கம் திரும்பினார்கள். நான் மதுரங்குளி தாண்டவில்லை, லைட் பத்திக்கொண்டது. இலக்கங்கள் போய்க் கோடுகள் வந்தன. அன்னம்மா கொடுத்ததை இவ்வளவு கெதியாகத் திருப்பி எடுப்பாவா? ஏதும் குறை வைத்தேனா? உண்டியலில் போட மறந்தேனா? ஒன்றும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை றொபியையே பக்கத்தில் இருத்தி ஓடிக் காட்டுவது என்று அவர்கள் வளவுக்குப் போனேன். அவரும் அப்போதுதான் வானை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். என் லைட் அணைந்தது! "ஏறும், ஏறும்" என்று அவரை ஏற்றிக்கொண்டு பறந்தேன். மூன்று மைல் போகவில்லை, மஞ்சள்.

"பாத்தியளே மச்சாள்" என்றார். "உங்கட அற்புதம் எங்கட வளவோட சரி."

அன்றைக்கு முழுக்க நான் பைத்தியக்காரி போலத் திரிந்தேன். மதுசாவை ஏற்றிப் பார்த்தேன், பத்தியது. தனியே ஓடிப் பார்த்தேன், பத்தியது. றொபியை இந்த ஜீப்புக்குப் பிடிக்கவில்லையோ என்றால், அவருடைய வளவில்தானே அணைகிறது! அந்த மண்ணுக்குள் ஏதும் கிடக்கிறதோ என்றுகூட நினைத்தேன். பின்னேரம் கேட்டடியில் நின்று உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்ததை அயல் சனமெல்லாம் பார்த்தது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. வான்தான். மதுசா வந்து என் கையைப் பிடித்தாள். "குறை நினையாதேங்கோ பெரியம்மா. அப்பாவோட கதைச்சுப் பாத்திட்டன்." நான், "அதுக்கென்ன பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஜீப்பைக் கழுவுகிற சாட்டில் பைப்படியில் நின்று நன்றாக அழுதேன். பதினெட்டு வருஷம் வைத்திருந்த இடத்தை ஒரு மஞ்சள் லைட் பறித்துக்கொண்டது. அதுவும் நானே தேடிக்கொண்டது.

சனிக்கிழமை காலை மாலை கட்டிய வான் முன்னே போனது. றொபி ஓட, பின்னுக்கு மதுசாவும் யூஜீனியாவும். மாப்பிள்ளை கற்பிட்டிப் பொடியன், கோயிலும் அங்கேதான். நான் கேக் பெட்டியோடு பின்னே போனேன்.

பாலாவி திரும்பி, வானை ஒட்டிக்கொண்டு போகும்போது கோடுகள் போய் இலக்கங்கள் வந்தன. முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பது. முன் இடது மட்டும் இருபத்தாறு. அதனால்தான் லைட் அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் இருபத்திமூன்று.

நிறுத்தினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நாலு சில்லையும் உதைந்தேன். நாலும் கல்லு மாதிரி. ஏறிப் பார்த்தால் கோடுகள். வான் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கலைத்துப் பிடித்தேன். இலக்கங்கள் திரும்பி வந்தன, முன் இடது பத்தொன்பது.

என் சில்லில் காற்று இருக்கிறது. ஜீப் இல்லை என்கிறது. ஆர் பொய் சொல்கிறார்கள்? வானை விட்டு விலகினால் கோடு, கிட்டப்போனால் இலக்கம். தலவிலயில் பக்கத்தில் நின்றது எது? வான். வளவுக்குள் நான் போன நேரம் உள்ளே வந்தது எது? வான். அன்னம்மா இல்லை, மண்ணும் இல்லை. வான்!

வானின் பின்சில்லை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். கறுப்புப் பெயின்றுக்குக் கீழே பிறை போல ஒரு கீறல். போன வருஷம் சிலாபத்தில் ஒரு மதிலில் நான் உரசிய கீறல்.

அது என் சில்லு. நாலும் என் சில்லு. அதில் ஒன்றுக்குக் காற்றுப் போய்க்கொண்டிருக்கிறது, அதற்கு மேலே மதுசா இருக்கிறாள்.

பதினாறு.

எதிரே லொறி லொறியாக வந்துகொண்டிருந்தது. ஹோனை அமத்தினேன். றொபி கையை வெளியே நீட்டி, முந்தச் சொல்லிக் காட்டினார். நான் போட்டிக்கு வருகிறேன் என்று நினைத்திருக்கிறார், மனுஷன்! போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஒரு லொறிக்கும் அடுத்த லொறிக்கும் நடுவே முந்திப்போய், ஜீப்பைக் குறுக்கே விட்டேன்.

"உங்களுக்கென்ன விசரே மச்சாள்?" என்று கத்திக்கொண்டு இறங்கினார்.

"முன் இடது சில்லைப் பாரும்!"

குனிந்து பார்த்தார். உதைந்தும் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. நல்ல நாளதுவுமா றோட்டில மறிச்சு…"

அப்படியென்றால் எனக்குத்தான் மண்டை பிழையா? அந்த நேரம் வானின் ஜன்னலால் தலையை நீட்டிய மதுசா, "அப்பா, இந்தப் பக்கம்" என்றாள். "முன்சில்லு. சப்பையாப் போச்சு."

முன் வலது. பூட்டும்போது இடம் மாறியிருக்கிறது, அது ஜீப்புக்கு எப்படித் தெரியும்! ரயரில் ஓர் ஆணி, தலை தேய்ந்துபோய் மினுங்கியது. இன்னும் ஒரு மைல் ஓடியிருந்தால் றிம் தரையில் இருந்திருக்கும்.

"பாயிஸிட்ட வாங்கினனீரே?" என்று கேட்டேன்.

றொபி நிலத்தைப் பார்த்தார். "மச்சாள் கழட்டி எறிஞ்ச சில்லில மகளைக் கொண்டுபோறான் எண்டு சனம் சொல்லும். அதுதான் பெயின்ற் அடிச்சனான்."

பத்து நாளாக வாய்க்குள் சேர்த்து வைத்திருந்தேன், அவருக்குச் சொல்ல. ஆனால் அவர் ஆணியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜக்கை எடும்" என்றேன். "ஸ்பெயர் சில்லைப் பூட்டிக்கொண்டு வாரும். பிள்ளையை நான் கொண்டுபோறன்."

"ஓம், மச்சாள்" என்றார். "கவனமா."

மதுசா சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன்சீற்றில் ஏறினாள். யூஜீனியா கேக் பெட்டியோடு பின்னுக்கு. வான் பின்னே மறைந்ததும் இலக்கங்கள் போய்க் கோடுகள் வந்தன, மஞ்சள் லைட் பத்தியபடி இருந்தது. இந்த முறை அதை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. நான் அழுதுகொண்டே ஓடினேன், மதுசா என் கண்ணைத் தன் லேஞ்சியால் துடைத்துவிட்டாள்.

கோயிலடியில் எல்லாரும் காத்து நின்றார்கள். தகப்பன் கைபிடித்துத்தான் பொம்பிளை உள்ளே போக வேண்டும். சுவாமி இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். றொபியின் போன் வேலை செய்யவில்லை. மாப்பிள்ளை வீட்டார் குசுகுசுக்கத் தொடங்கினார்கள்.

"சித்தப்பா ஆரையும் கைபிடிக்கக் கூப்பிடுவமோ?" என்று யூஜீனியா அழுகிற குரலில் கேட்டாள். மதுசா இறங்காமல் அப்படியே இருந்தாள்.

நான் மீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு கோடு. நாலு கோடு. பிறகு ஒன்று, பின்னாலே இன்னொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பது. நாலாவது மட்டும் கோடாகவே நின்றது, அது ஸ்பெயர் சில்லு.

"இறங்கு பிள்ளை" என்றேன். "உன்ர அப்பர் வந்திட்டார்."

மதுசா வாசலைப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் வானின் ஹோன் கேட்டது.