அப்பாவின் முதுகு

டெட்சுஜி குதிரைப்படையை உதறிவிட்டு, ஜப்பான் ராணுவத்தின் முதல் விமானிகளில் ஒருவனாகச் சேர்ந்தபோது, குதிரை வளர்க்கும் அப்பா கத்தினார்: "குதிரை மேல உக்காரத் துப்பில்லாதவன்தான்டா காத்தாடியில ஏறுவான்!"

அடுத்த வசந்தத்தில், பயிற்சிக்குப் பறந்தவன், அப்பா பார்க்கட்டும் என்றே சொந்த ஊரின் மேல் தாழ்வாக வட்டமடித்தான். லாயத்து முற்றத்தில் அப்பா குனிந்திருந்தார். குதிரைச் சாணம் அள்ளுகிறார் போலும். திரும்பத் திரும்பச் சுற்றியும் முதுகுதான் தெரிந்தது. கிழவனுக்கு அவ்வளவு திமிரா என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனவன், பிறகு ஊர்ப்பக்கமே தலைகாட்டவில்லை. சீனாவில் நடந்த சிங்தாவ் போரில் பறந்து பதக்கம் வாங்கியபோதும் வீட்டுக்குச் சொல்லவில்லை.

அப்பாவின் சாவுக்குத்தான் வந்தான். ஊதுபத்தி ஏற்றிவிட்டுத் தங்கை சடேயிடம் பொருமினான்: "நான் பறந்து வந்தப்பகூட நிமிந்து பாக்கலியே இந்த மனுஷன்!"

"எப்படிண்ணா பாப்பாரு? சக்கரவர்த்தியோட விமானம், அது போற வரைக்கும் யாரும் தலை நிமிரக் கூடாதுன்னு ஊர்த்தலைவர் சொல்லி வச்சிருந்தாரே! ஊரே குனிஞ்சு நின்னுச்சு. நீ போகாம சுத்திக்கிட்டே இருந்தியா, அப்பாவுக்கு இடுப்பே போச்சு."

டெட்சுஜி அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"ஆனா, 'நம்ம பயதான்டி, சத்தத்தக் கேளு'ன்னு தரையப் பாத்துக்கிட்டே சிரிச்சாருண்ணா."