டிவியில் நரெலின் பெயர்

ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டன் ஊர் இறைச்சித் தொழிற்சாலையில் எங்களுக்கு டீ இடைவேளை. டிவியில் நாடாளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பிள்ளைக்கு எட்டு வயது ஆனதும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு வரும் உதவித்தொகையை நிறுத்தும் மசோதா மீது விவாதம்.

எங்கள் எம்.பி. எழுந்தார். "இந்த மசோதா வந்தா, என் தொகுதியில இறைச்சி பொட்டலம் கட்டுற நரெல் என்ன செய்வாங்க?"

அறையே கைதட்டியது. பக்கத்தில் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்த நரெலுக்கு முகம் சிவந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எம்.பி. மக்களிடம் குறை கேட்கக் கடைவாசலில் மேசை போட்டு உட்கார்ந்த அன்று நாங்கள் இருவரும்தான் போனோம். அவள் நாலு வார்த்தை பேசினாள். நான் அழுதேவிட்டேன். அவள் மகளுக்கு ஐந்து வயதுதான். என் கடைசி மகன் ஜாரட்டுக்கு அடுத்த மாதம் எட்டு முடிகிறது.

"பாத்தியாடி காலீன், என் பேரு டிவியில!"

"ஆமாடி மகாராணி. கையெழுத்துப் போட்டுக் குடு, மாட்டி வைக்கிறேன்."

ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் எழுந்தார். "அந்த நரெல் அம்மா காலையில கொஞ்சம் சீக்கிரம் எழுந்து, கூட ரெண்டு மணி நேரம் வேலை பாக்கட்டுமே!"

சபை சிரித்தது. நாங்கள் இருட்டோடு எழுந்து வந்தவர்கள். பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்ததுகூட நரெலுக்குத் தெரியவில்லை.

"உன் பேரையே சொல்லியிருக்கலாம்டி," என்றாள்.

மணி அடித்தது. அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தேன். ஆனால் பொறாமை அடங்கவில்லை. திட்டுவதற்காவது அவளை அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது. என் ஜாரட்டை ஒருவருக்கும் தெரியாது.