எங்கிருந்து என்ற கட்டம்

எட்டு நாற்பதுக்கு அவள் மூன்றாவது தடவையாகக் கடவுச்சொல்லைத் தட்டினாள். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டினாள். திரையில் அதே வரி வந்தது: அனுமதி மறுக்கப்பட்டது.

"பேட்டரி போயிருச்சா?" என்று கட்டிலிலிருந்து கணவன் கேட்டான்.

"ரவுட்டர்ல பச்சை எரியுது. நடுவுல அணைஞ்சிருக்கும் போல. கரண்டு எப்ப போச்சு?"

"விடியறதுக்கு முன்னாடியே போச்சு. ஏழு மணிக்குத்தான் வந்துச்சு. பழைய பேட்டரி, அதுவும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்."

அவன் வயரிங் வேலை செய்கிறவன். ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பில் தகடு வைத்து நான்கு வாரம் ஆகிறது. இன்னும் ஆறு வாரத்துக்கு அவனாகப் புரண்டு படுக்கக்கூடாது. இரண்டு மணிக்கொரு தடவை அவள்தான் திருப்பிவிட வேண்டும். ரவுட்டரோடு பேட்டரியை இணைக்க, படுத்த வாக்கிலேயே எந்த வயர் எங்கே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். சுவிட்சின் மேல் 'கை வைக்காதே' என்று அவள் எழுதி ஒட்டினாள். "வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. நான் எந்திரிக்க முடியாது. இது யாருக்கு?" என்று அவன் கேட்டான். "எனக்குத்தான். தூசி தட்டற வேகத்துல அமுக்கிட்டேன்னா?" என்றாள்.

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் முடிவுகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. நிலையத்தின் சர்வர் ஒவ்வொருவருக்கும் ஒரு ப்ரொஃபைல் வைத்திருக்கிறது. அதில் மூன்று கட்டங்கள்: யார், கடவுச்சொல் என்ன, எங்கிருந்து. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூன்றாவது கட்டம் ஒருநாளும் மாறாது. வீட்டிலிருந்து நுழைகிறவளுக்கு அங்கே வீட்டு இணைப்பின் எண்ணைப் போட வேண்டும்; நடுநடுவே புள்ளி வைத்த நான்கு எண்கள். அவை வீட்டுக்குச் சொந்தமில்லை, இணைப்புக் கம்பெனி தருகிற இரவல். ரவுட்டர் அணைந்து எரிந்தால் பழைய எண் வேறு யாருக்காவது போய்விடும், இவளுக்குப் புதிது வரும். அதன் பிறகு பெயர் சரியாக இருந்தாலும், கடவுச்சொல் சரியாக இருந்தாலும், சர்வருக்கு அவள் யாரோ.

அந்தக் கட்டத்தை மாற்ற ஒருவரால்தான் முடியும். சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிற அவரை நிலையத்தில் எல்லோரும் பூட்டு என்றே கூப்பிடுவார்கள்.

ஒன்பது மணிக்குள் உள்ளே நுழையாவிட்டால் லேட் மார்க். மாதத்தில் மூன்று விழுந்தால் வீட்டிலிருந்து வேலை ரத்து. அவளுக்கு இரண்டு விழுந்திருந்தது, இரண்டும் கரண்டு போன நாட்களில்.

"அண்ணே, நான்தான்."

"சொல்லுங்க சார்," என்றார் பூட்டு.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "அண்ணே, நான்..."

"தெரியுது சார். ஒரு நிமிஷம், வெளிய வந்து பேசறேன்." கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குரல் தாழ்ந்தது. "இன்னைக்குன்னு பாத்தா வரணும்? உள்ள ஆடிட்காரங்க உக்காந்திருக்காங்க. மேனேஜர் கையெழுத்து இல்லாம எந்த ப்ரொஃபைலையும் தொடக்கூடாதாம். அவர் பதினோரு மணிக்குத்தான் வருவாரு."

"பதினோரு மணின்னா மூணாவது மார்க் அண்ணே. நாளையிலேர்ந்து நான் அங்க வரணும். இவரைத் திருப்பிப் படுக்க வைக்க யாரு இருக்கா?"

"எனக்குத் தெரியாதாம்மா."

"எங்கிருந்து வந்தாலும் விடற மாதிரி வைக்க முடியாதா? உங்களுக்கும் தொல்லை விட்டுது."

"வைக்கலாம். அந்தக் கட்டத்துல ஒரே ஒரு குறி போட்டா போதும். ஆனா அது கதவையே கழட்டி வச்ச மாதிரி. உன் கடவுச்சொல் எவன் கையில கிடைச்சாலும், எங்க உக்காந்தும் நுழைவான். எல்லாம் நோயாளிங்க விவரம். தப்பும்மா."

"யாருக்குமே அப்படி வைக்கலையா?"

பூட்டு குரலை இன்னும் தாழ்த்தினார்.

"ஒருத்தருக்கு இருக்கு. முதலாளிக்கு. ஊர் ஊரா போறவரு, போற இடத்துல எல்லாம் திறக்கணும்னாரு."

மணி எட்டு ஐம்பத்திரண்டு.

"வெளிய இருக்கற கம்ப்யூட்டர்லேர்ந்தே போடறேன். எண்ணைச் சொல்லு. மெதுவா," என்றார்.

அவள் நான்கையும் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். கடவுச்சொல்லைத் தட்டினாள். அனுமதி மறுக்கப்பட்டது.

"அண்ணே, வரலை."

"இரு. எழுதினா மட்டும் போதாது. சர்வர் பழைய பட்டியலையே நினைப்புல வச்சிருக்கும். இன்னொரு தடவை படிச்சுக்கன்னு சொல்லணும். சொல்லிட்டேன். இப்பத் தட்டு."

எட்டு ஐம்பத்தெட்டுக்குத் திரை திறந்தது. "வந்துட்டியா?" என்றான் கணவன். "வந்துட்டேன்," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

மதியம் அவனோடு வேலை பார்த்த ஒருவன் புது பேட்டரி கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தான். கணவன் படுத்தபடியே மேஸ்திரி வேலை பார்த்தான். "இனி பத்து மணி நேரம் நிக்கும். நான் கண்ணை மூடினாலும் இது மூடாது," என்றான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பூட்டு கூப்பிட்டார். இப்போது சார் என்று சொல்லவில்லை.

"ஆடிட்காரங்க பட்டியல் எடுத்தாங்கம்மா. இன்னைக்கு நடந்த மாற்றம் ஒண்ணே ஒண்ணு. எத்தனை மணிக்கு, யாரு மாத்தினதுன்னு எல்லாத்தையும் சர்வரே குறிச்சு வச்சிரும். அப்படிக் குறிக்க வச்சதே நான்தான். என்கிட்ட விளக்கம் எழுதி வாங்கிட்டாங்க. உன் கட்டத்துல ஆபீஸ் எண்ணை மட்டும் போடச் சொன்னாங்க. போட்டுட்டேன். இனி இங்க வந்து உக்காந்தாத்தான் உனக்குத் திறக்கும்."

"லேட் ஆகலையே அண்ணே. மூணாவது மார்க் விழலையே."

"விழலை."

"முதலாளி கட்டம்?"

"அதுக்கு நேரே விதிவிலக்குன்னு எழுதிட்டாங்க."

அவள் அன்று கணவனிடம் சொல்லவில்லை. மறுநாள் ஏழரைக்கு அவனை அலமாரிப் பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டுச் சொன்னாள். தண்ணீர், போன், சிறுநீர் பாட்டில் மூன்றையும் அவன் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"மதியம் ஓடி வந்துடறேன்."

"அரை மணி இடைவேளையில எப்படி வருவ? போ, பஸ்ஸை விட்டுறாத."

அவனால் எழுந்து தாழ்ப்பாள் போட முடியாது. கதவைத் திறந்துபோடவும் மனம் வரவில்லை. வெளியே வந்து பூட்டினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் அவள் திருப்பிவிட்டபடியே கிடந்தான். அவன் முகத்துக்கு நேரே, அலமாரியில், ரவுட்டரின் பச்சை விளக்கு ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.