முழங்கால் மெத்தை

ஈப்போ மாதா கோயிலில் முழங்காலிடுவதற்கென்றே, கணக்கெழுதும் ஆம்புரோஸ் கிராணி ஓர் இலவம்பஞ்சு மெத்தை வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் பூசைக்கு அதில் கண்ணை மூடியவர் ஈஸ்டருக்குத்தான் விழித்தார். அதற்குள் இரண்டு சாமியார்கள் மாறியிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அகதா பக்கத்துச் சிமெண்டுத் தரையில் வந்து முழங்காலிட்டாள். நெற்றியில் கட்டு. தோட்டத்து லயத்து வீட்டில் அவள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, “வேதத்துல சேந்தவளுக்கு இங்க எடமில்ல” என்று கங்காணி அடித்துச் சட்டிபானையை வெளியே எறிந்திருந்தான்.

கிராணி மெத்தையை அவள் பக்கம் தள்ளினார்.

“வேணாங்க ஐயா. அதுல விழுந்தா ஈஸ்டருக்குத்தான் எந்திரிக்கணும். நான் பொழுது சாயுறதுக்குள்ள தோட்டத்துக்குத் திரும்பணும்.”

“அடிச்ச எடத்துக்கா?”

“செபமாலை பாதியில நிக்குதுங்களே.”

கிராணிக்கு அன்று பூசையில் தூக்கமே வரவில்லை. முடிந்ததும் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார்.

லயத்து வாசலில் அகதா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். கங்காணி பிரம்பை ஓங்கினான். கிராணி மெத்தையைக் குறுக்கே நீட்டினார். அவன் அடித்த அடியில் பஞ்சு தாப்பா ஊர் வரை பறந்தது. பனி பெய்கிறதென்று அங்கே துரைமார் கம்பளிச் சட்டை தேடினார்கள். மெத்தை வெறும் துணியானதும் அடுத்த அடி கிராணியின் தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை.

அகதா கடைசி மணி வரை சொல்லி முடித்தாள்.

அடுத்த ஞாயிறும் கிராணி அந்த லயத்து வாசலில்தான் இருந்தார், செம்மண்ணில், வெறும் முழங்காலோடு.