ஆறு வருசமாச் சுமந்த பழி

செல்வலட்சுமி பிறந்தபோதே உடம்பில் காப்பித்தூள் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. அதற்குக் காரணம் தான்தான் என்று பெற்றவள் மாரித்தாய் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். மாசமாக இருக்கும்போதும் திருத்தங்கல் பட்டாசு கம்பெனியில் மருந்து அடைத்தவள் அவள். புருசன் முனியசாமி வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் ஆறு வருசம் மனசுக்குள்ளேயே புழுங்கினாள்.

2006 ஆடியில் பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டுவிட்டார். "பிள்ளை போர்டு கிட்டப் போய் நின்னுதான் வாசிக்குது. கண்ணைக் காட்டுங்க."

சிவகாசி டாக்டர் திட்டுகளையும் பார்த்துவிட்டு, மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

மதுரையில் பிள்ளையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, மெஷினில் பார்த்தார்கள். பார்த்து முடித்த டாக்டரம்மா முனியசாமியின் கழுத்தில் இருந்த கட்டியைக் கவனித்தார்.

"சட்டைக் கையை மடிச்சு விடுங்க."

கூச்சத்தோடு மடித்தான். கையெல்லாம் மொச்சைக்கொட்டை அளவில் கட்டிகள். "எளவட்டமா இருக்கையிலேயே வந்ததுங்க. வலிக்காது."

அவன் கண்ணையும் மெஷினில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாப்பாவோட திட்டு, உங்க கட்டி ரெண்டும் ஒரே நோய்தான். நியூரோஃபைப்ரோமடோசிஸ்னு பேரு. பிறவியிலேயே வர்றது, யாருக்கும் ஒட்டாது. பாப்பாவோட கண் நரம்பு நல்லா இருக்கு. கிட்டப்பார்வைதான், கண்ணாடி போட்டாப் போதும்."

மாரித்தாய்க்கு அடக்க முடியவில்லை. "நான் வயித்துல பிள்ளையோட வெடி மருந்து அடைச்சேன் டாக்டர். அதனாலதான?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அப்பா வழியா வந்திருக்கு. அவர் மேலயும் தப்பு இல்ல. வருசா வருசம் கண்ணு, முதுகு, பிரஷர் எல்லாம் காட்டணும். கட்டி வலிச்சாலோ, வேகமா வளந்தாலோ உடனே வரணும். இன்னொரு பிள்ளை வேணும்னா முதல்ல வந்து பேசுங்க."

வெளியே வந்ததும் முனியசாமி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டான். "என் உடம்புல இருந்துல்ல போயிருக்கு."

"நீங்க நல்லாத்தான இருக்கீக? லோடு ஏத்துறீக, இறக்குறீக. அவளும் நல்லா இருப்பா."

"அது கெடக்கட்டும். ஆறு வருசமா இதையா நெனச்சுக்கிட்டு இருந்த? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா, அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லம்பீக."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அழுகைதான் முதலில் வந்தது.

விருதுநகரில் பஸ் மாறும்போது கடையில் எண்ணெய் பரோட்டா சாப்பிட்டார்கள். மாரித்தாய் நாலாவதையும் பிய்த்துப் போட்டுச் சால்னா கேட்டாள். முனியசாமி கை கழுவப் போகாமல், அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.