வசவுக்கு மதிப்பெண்

கசோண்டே என்னை முதன்முதலில் திட்டியது முதுகலை வகுப்பு தொடங்கிய அன்றே. பேராசிரியர் பட்டியலைப் பார்த்து, "மசௌசோ ஜெரே, சிபாட்டா" என்று என் பெயரையும் ஊரையும் வாசித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பி, "சிபாட்டாவா? அப்ப எலி தின்னிதான். பையை ஜன்னலுக்கு வெளிய வைக்கச் சொல்லுங்க சார், உள்ள மதியச் சாப்பாடு ஓடிட்டிருக்கும்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. தலைநகர் லுசாகாவில் எனக்கு ஒரு ஈ காக்கையைத் தெரியாது. ஒரு பெம்பாப் பெண் எல்லோர் முன்னாலும் என்னை எலி தின்னி என்கிறாள் என்றால் ஊரில் எனக்கு ஓர் உறவு கிடைத்துவிட்டது. நானும் விடவில்லை. "குரங்குக் கறி தின்னவ எல்லாம் கிளையை விட்டு எறங்கிப் படிக்க வந்துட்டாங்களா?" என்றேன். அதன் பிறகு வகுப்பு முடிந்து நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ந்ஷிமா என்ற சோளக்களி சாப்பிடப் போனோம்.

நாங்கள் அங்கோனி, அவர்கள் பெம்பா. எங்கள் முப்பாட்டன்மார் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். வெட்டி அலுத்தபின் சிம்புயா ஆனார்கள், அதாவது கேலிமுறை. மாமன் மச்சானைப் போல எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கோபித்துக்கொள்கிறவனுக்குத்தான் அவமானம். எங்களுக்கு இது மூச்சு விடுவதைப் போல. மூச்சு விடுவதை யாரும் யோசித்துக்கொண்டே செய்வதில்லை, எல்லா வம்பும் அதனால்தான் வந்தது.

கசோண்டே கசாமாவில் பள்ளி ஆசிரியை. படிப்பு விடுப்பில் வந்திருந்தாள். விடுப்பு ஆய்வேடு எழுதும் பருவத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டில் கையெழுத்து வாங்கவில்லை என்றால் பட்டம் இல்லாமலே ஊர் திரும்ப வேண்டும். மறுபடி விடுப்புத் தர அவள் தலைமை ஆசிரியர் ஒன்றும் அவள் மாமனார் இல்லை. படிக்கப் போய்ச் சும்மா திரும்பியவள் என்ற பேச்சைக் காலமெல்லாம் கேட்க வேண்டும். இந்த வாயாடிக்கு அப்படி ஒரு நிலை வரக்கூடாது என்று நான் நிஜமாகவே பயந்தேன்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது சந்தைப் பெண்கள் சந்திக்கும் பகை. அதை அளக்க ஏதோ ஒரு குளிர்நாட்டில் செய்து, சோதித்து, பலரும் மெச்சிய கேள்விகளை எடுத்துக்கொண்டாள். 'போன மாதத்தில் யாராவது உங்களை எல்லோர் முன்னாலும் திருடி என்றார்களா? உங்கள் குடும்பத்தைப் பழித்தார்களா? நீங்கள் செத்துத் தொலைய வேண்டும் என்றார்களா?' ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி என்று பதில். கூடவே இன்னொரு தொகுப்பு: உடம்புக்கு முடியாமல் போனால் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, சாவு வீட்டில் கூட உட்கார ஆள் உண்டா. பகை கூடக்கூட ஆதரவு குறைய வேண்டும். இது குழந்தைக்கும் தெரியும்.

நான் அவளுக்கு உதவி. முறைப்படி எல்லாம் செய்தோம். நான் நியாஞ்சா மொழியில் பெயர்த்தேன், அவள் பெம்பாவில். வேறோர் ஆளை வைத்து அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் ஒரு சொல்கூடச் சிந்தவில்லை. அதில் எங்களுக்குப் பெருமை வேறு. சந்தையில் பாதிப் பேரை அவள் கேட்டாள், பாதிப் பேரை நான் கேட்டேன்.

மின்சாரம் வந்த ஒரு மத்தியானம் கணினியில் ஓட்டினோம். பகைக் கேள்விகளின் பதில்கள் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு அழகாக நின்றன. ஆனால் முடிவு தலைகீழ். யாரை அதிகம் திட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் ஆதரவு அதிகம். செத்துத் தொலை என்று அடிக்கடி கேட்டவளுக்குத்தான் சாவு வீட்டில் கூட உட்கார ஆள் அதிகம்.

வழிகாட்டி டாக்டர் இமாசிகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். லோசி இனத்துக்காரர், குரலை உயர்த்தாமலே ஆளைக் கரைத்துவிடுவார்.

"மார்க்கைத் தலைகீழாப் போட வேண்டிய கேள்விக்கு நேராப் போட்டிருப்ப."

"பார்த்துட்டேன் மேடம். மூணு தடவை பார்த்துட்டேன்."

"அப்ப ஒண்ணுதான் மிச்சம். உன் ஆளு மாமரத்தடியில உக்காந்து அவனே எழுதிக் குடுத்திருக்கான்."

உன் ஆளு என்றது என்னை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் ரத்தம் கொதித்தது. கொளுத்தும் அக்டோபர் வெயிலில் மீன் நாற்றத்துக்கு நடுவே கால் கடுக்க நின்று கேட்டவன் நான். வாயைத் திறக்கப் போனேன். கசோண்டே முந்திக்கொண்டாள்.

"அவன் சோம்பேறிதான் மேடம். நாலு பேருக்கான பதிலைச் சொந்தமா யோசிக்கற அளவுக்கு அவனுக்குக் கற்பனை கிடையாது."

இமாசிகு சிரிக்கவில்லை. "திரும்பப் போங்க. பகைக் கணக்கு ரொம்ப அதிகமா வந்தவங்க கொஞ்சம் பேரு, ஒண்ணுமே வராதவங்க கொஞ்சம் பேரு. மறுபடி கேளுங்க. கேக்கறப்பவே என்ன நினைச்சுப் பதில் சொல்றாங்கன்னு கேளுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு நம்பற மாதிரி ஒரு காரணம் வேணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெளியே வந்ததும் கசோண்டே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "என்ன, திட்டாம நிக்கற? அவ்வளவு மோசமா இருக்கேனா நான்?" என்றாள். ஆமாம், அவ்வளவு மோசமாக இருந்தாள். எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் காலை மினிபஸ்ஸில் சந்தைக்குப் போனோம். பகையில் எல்லோரையும் மிஞ்சி நின்றவள் கலுபாவின் அம்மா, கப்பென்டா என்ற பொடிமீன் கருவாடு விற்கிற பெம்பாக்காரி. கசோண்டே அவள் எதிரே உட்கார்ந்து முதல் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பயறு விற்கும் ஸிம்பா கூடையோடு அந்தப் பக்கம் வந்தான், என்னைப் போல அங்கோனி.

"இன்னும் சாகலையா நீ? உன் சாவுக்குன்னு புதுச் சட்டை தைச்சு வச்சிருக்கேன், பூச்சி அரிக்குது!"

"உன்னைப் பொதைச்சுட்டுத்தான்டா நான் போவேன்! அதுவரைக்கும் அந்தச் சட்டையை உன் எலிக்குப் போட்டு விடு!" என்றாள் அவள். திரும்பிக் கசோண்டேயிடம், "எழுதிக்கம்மா. செத்துத் தொலைன்னு சொன்னான், நீயே கேட்டல்ல. அடிக்கடின்னு போடு" என்றாள் வெகு திருப்தியாக.

"யாரும்மா அவரு?"

"ஸிம்பாவா? போன மழைக்கு என் பையனுக்குக் காலரா வந்தப்போ முதுகுல தூக்கிட்டு ஓடினவன்."

கசோண்டேயின் பேனா நின்றது. கருவாட்டுக் கூடையைப் பார்த்தாள், ஸிம்பா போன வழியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஜெரே. காலையிலேருந்து நீ என்னை எத்தனை தடவை திட்டியிருப்ப?"

"பஸ்ஸுலயா, பஸ்ஸை விட்டு எறங்கின பிறகா?"

"நான் மட்டும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன்னா, இந்த லுசாகாவுலயே பகை சூழ்ந்து கெடக்கறவ நான்தான். எல்லாம் உன்னால." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாம ரெண்டு பேரும் எவ்வளவு பெரிய கழுதைங்க! தெனம் செய்யறோம். கேள்வித்தாளைக் கையில எடுத்ததும் மறந்துட்டோம். திட்டினாங்களான்னு கேட்டோம், யாரு திட்டினாங்கன்னு கேக்கவே இல்லையே!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சொல்லைச் சொல்லுக்குச் சொல் கொண்டுவந்தோம். அந்தக் குளிர்நாட்டில் வசவு என்றால் வசவுதான் போலிருக்கிறது, பாவம். சந்தை முழுக்கப் பெம்பாக்களும் அங்கோனிகளும் இரண்டு பக்கமும் நின்று பாசத்தை வாரி இறைத்துக்கொண்டிருக்க, நாங்கள் நடுவில் நின்று அதைப் பகைக் கணக்கில் ஏற்றியிருக்கிறோம்.

அன்று முழுக்கச் சுற்றினோம். ஒவ்வொரு வசவுக்கும் யார் சொன்னது என்று ஒரு கேள்வி சேர்த்தோம். கேலிமுறைக்காரர் சொன்னது ஒரு பக்கம், மற்றவர் சொன்னது ஒரு பக்கம். தாளிலேயே பிரித்ததும் கேலிமுறை வசவு ஆதரவோடு சேர்ந்து நின்றது, மற்றவர் சொன்ன வசவு, இருக்க வேண்டியபடி, ஆதரவுக்கு எதிர்த்திசையில் போய் நின்றது. கசோண்டேயின் முகத்தில் களை திரும்பியது. வழியில் வாங்கிய வித்தும்புவாப் பணியாரத்தில் எனக்கு ஒன்றுகூடத் தராமல் தின்றாள். பழைய ஆளாகிவிட்டாள் என்று நிம்மதியடைந்தேன்.

கடைசியாகப் போனது ரெஜினா அம்மாவிடம். தக்காளி விற்கிறவள், ஐம்பது வயது இருக்கும். முதல்முறை நான் கேட்டபோது எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றவள். எங்கள் கணக்குப்படி பகையே இல்லாத பாக்கியசாலி. இந்த முறையும் அதே பதில். யாரும் திட்டவில்லை. யாரும் பழிக்கவில்லை. குரல் தரையை விட்டு எழும்பவில்லை.

"சொந்த ஊரு எதும்மா?" என்றாள் கசோண்டே.

"முங்க்வி."

முங்க்வி பெம்பா நாடு. பதில் சொல்கிறவரிடம் சொந்தப் பேச்சு பேசக்கூடாது என்பது எங்கள் படிப்பின் முதல் பாடம். எனக்கு வாய் நிற்கவில்லை.

"பெம்பாவா! அதான் பார்த்தேன், தக்காளியைத் தரையில போட்டு வச்சிருக்கே. மரத்துல தொங்கவிட்டா நீயே தாவித் தாவித் தின்னு தீர்த்துடுவ."

கசோண்டே என் காலை மிதித்தாள். ரெஜினா அம்மா அசையாமல் என்னைப் பார்த்தாள். பிறகு கூடையில் இருந்ததிலேயே அழுகல் தக்காளியாகத் தேடி எடுத்து என் நெஞ்சில் அடித்தாள்.

"எலிப் பொந்துல பொறந்தவனே! பள்ளிக்கூடத்துப் புள்ளைன்னு மரியாதையா பேசினா, யாருகிட்ட வாயக் காட்டற? உன் தாத்தன் எங்க ஊருக்கு ஈட்டியோட வந்தான், திரும்பிப் போறப்போ கோவணம் இருந்துச்சாடா அவனுக்கு?"

மூச்சு வாங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பே அப்படியே அழுகையாக மாறியது. பக்கத்துக் கடைக்காரிகள் எழுந்து பார்த்தார்கள்.

"எம் புருஷன் போனதுலேருந்து ஒருத்தரும் என்னைத் திட்டினதில்லை," என்றாள் இடுப்பில் கட்டிய துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இங்க தம்பி வீட்டுக்கு வந்தேன். எல்லாரும் பாவம் பாவம்னு பேசறாங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இருக்கேனா செத்தேனான்னு எனக்கே தெரியலை."

நான் சட்டையில் தக்காளியோடு நின்றேன். எங்கள் தாளில் இவளுக்கு எல்லாம் சுழியம். இந்தச் சுழியத்தைத்தான் நிம்மதி என்று எழுதியிருந்தோம். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கசோண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இமாசிகு எண்களைப் பார்த்தார்.

"எங்கம்மாவைப் பொதைக்கற அன்னிக்கு," என்றார், "எங்கூட வேலை பார்த்த ஒரு தோங்காக்காரன், எங்க ஆளுங்களுக்குக் கேலிமுறை, குழிக்குள்ள எறங்கிப் படுத்துக்கிட்டான். 'இந்தக் கெழவி எனக்குக் கடன்பட்டவ, நான் எழுந்திரிக்க மாட்டேன்'னான். அழுதுக்கிட்டிருந்த நான் அப்படிச் சிரிச்சேன். அவனை நான் மறக்கலை. ஆனா உன் கேள்வித்தாளைப் பார்த்தப்போ அவன் ஞாபகம் வரலை பாரு." என் பக்கம் திரும்பினார். "ஜெரே, உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு."

நான் மன்னித்துவிட்டேன், பாதி. அந்தப் பாதியையும் அடுத்த நிமிடமே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"இந்தத் தக்காளிக்காரம்மாவை எடுத்துடு," என்றார்.

"மேடம், அவங்கதான் இதுல உசிரு!" என்று நான் கத்தினேன். "அவங்களை எடுத்துட்டு என்னத்தைக் காட்டறது?"

"உசிருதான். நீ கை வச்சுட்டியே. கேட்டு முடிக்கறதுக்குள்ள நீயே திட்டி, அவங்களோட ஒரு மாசக் கணக்கை மாத்திட்ட. இனிமே அவங்க சொல்றது அவங்க வாழ்க்கையா, உன் வாயா?"

நான் இன்னும் வாதாடியிருப்பேன். கசோண்டே ஏற்கெனவே மடிக்கணினியைத் திறந்து ரெஜினா அம்மாவின் வரியைத் தேடிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "மேடம் சொல்றது சரிதான்" என்று அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். முடிவு கொஞ்சம் இளைத்தது, ஆனால் நின்றது. இமாசிகு கையெழுத்துப் போட்டார். கேள்வி கேட்டவரின் தலையீட்டால் ஒருவர் நீக்கப்பட்டார் என்று அந்த ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. அவ்வளவுதான், பெயர்கூட இல்லை.

சம்மதம் கேட்டுச் சேர்த்தவரை நீக்கினால் அவரிடம் சொல்ல வேண்டும் என்றாள் கசோண்டே. சனிக்கிழமை போனோம். அவள் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டிய நாள் அது.

"உங்களை ஆராய்ச்சியிலேருந்து எடுத்துட்டோம்மா," என்றாள் எங்கள் வழக்கப்படி கையைத் தட்டி, முழங்காலை மடக்கி, மரியாதையாக.

ரெஜினா அம்மாவின் முகம் வாடியது. "ஏன், நான் சொன்னது தப்பா?"

"நீங்க சொன்னது ஒண்ணும் தப்பில்லை. இவன் குறுக்க பேசிட்டான். பேசினா எடுத்துடணும், அது எங்க சட்டம்."

ரெஜினா அம்மா தக்காளியை அடுக்கினாள்.

"அப்ப இனிமே கேள்வி கேக்க வர மாட்டீங்க."

"மாட்டோம்."

"இன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

கசோண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது ஆச்சு," என்றேன். "இப்ப சும்மா இருக்கோம்."

"சும்மாவா," என்றாள் ரெஜினா அம்மா. பக்கத்தில் கிடந்த காலிப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "அப்ப உக்காந்து தொலையேன்டா தடிமாடு. வாங்க வர்றவங்களுக்கு வழியை மறைச்சுக்கிட்டு நிக்கற."

உட்கார்ந்தேன்.