செம்பியன் கலந்த தேநீர்

அன்புச்செல்வி தன் கணவனைப் பார்த்து மூன்று வருடமாகிறது. கம்பெனி வேலையாக ஜப்பானிலுள்ள கியோட்டோவுக்குப் போன செம்பியன், வேலை முடிந்ததும் அங்கேயே ஒரு ஜென் பௌத்த மடத்தில் தங்கிவிட்டான். எப்போதாவது ஒரு வரி மெயில் வரும், அவ்வளவுதான். இப்போது அவன் சென்னையில் இருக்கிறான், அடையாறில் ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு நடத்துகிறான் என்பதே தோழி அனுப்பிய வாட்ஸ்அப் அழைப்பிதழைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கோடம்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போனாள். மாடியறையில் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டைத் தலையோடு இருந்த செம்பியனுக்கு அவளைப் பார்த்ததும் பேச்சு தடைப்பட்டது. சமாளித்துக்கொண்டு தொடர்ந்தான்.

“சீனாவுக்குப் போன துறவிங்கதான் இதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தாங்க. தியானத்துல தூக்கம் வரக் கூடாதுன்னு குடிச்சாங்க. அப்புறம் பிரபுக்கள் கையில ஆடம்பரமாப் போச்சு. ஜென் படிச்ச சிலர்தான் அதையெல்லாம் ஒதுக்கிட்டு, சின்னக் குடிசை, மண் கிண்ணம் போதும்னாங்க. வாசலே குனிஞ்சு நுழையற அளவுதான். எப்பேர்ப்பட்ட வீரனும் வாளை வெளியில வெச்சுட்டுத்தான் வரணும்.”

மூங்கில் மத்தால் பச்சைத் தேநீரை நுரைக்க அடித்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தான். அவள் முன் கிண்ணத்தை வைத்துக் குனிந்து வணங்கினான். வீட்டில் ஒரு நாளும் அவன் அவளுக்குக் காபி கலந்து கொடுத்ததில்லை.

“இந்தச் சந்திப்பு திரும்ப வராதுன்னு நெனச்சு விருந்தாளியைக் கவனிக்கணும்,” என்றான் பொதுவாக.

அவளுக்குப் பொறுக்கவில்லை. “நம்ம பொண்ணு டெங்குல கெடந்து அப்பா எங்கேன்னு கேட்டாளே, அப்ப யாரைக் கவனிச்சிட்டிருந்தீங்க? மெயில் மேல மெயில் போட்டேனே, படிக்கலையா?”

பக்கத்தில் இருந்தவர் குடித்துக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“படிச்சேன், அன்பு,” என்றான் செம்பியன். “வந்துட்டா மறுபடி அங்க போக முடியாதேன்னு பயந்துட்டேன்.”

படிக்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தேநீரைத் தொடாமல் எழுந்து படியிறங்கினாள். கேட்டுவிட்டோம் என்ற நிம்மதிகூட வரவில்லை.

தெருமுனையில் ஆட்டோவுக்குக் கை காட்டும்போது, விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு அவன் வெறுங்காலோடு ஓடி வந்தான்.

“நம்ம பூஜாவை வந்து பார்க்கலாமா?”

“வாங்க. உங்க பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறா. பேசுவாளான்னு எனக்குத் தெரியாது.”

ஞாயிற்றுக்கிழமை வந்தான். பூஜா தன் அறைக்குள் தாழிட்டுக்கொண்டாள். அவன் கூடத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினான்.

“போயாச்சா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் பூஜா.

“போயிட்டார்டி.”

அதற்குப் பிறகும் அவள் வெகுநேரம் கதவைத் திறக்கவில்லை.